விக்கலுக்குத் தண்ணீர்

போன செவ்வாய்க்கிழமை, தாம்பரம் போகும் மின்சார ரயில். எதிர் சீட்டில் ஒரு பெரியவருக்கு விக்கல் பிடித்துக்கொண்டது. பக்கத்தில் இருந்த அம்மாள் கூஜாவைத் திறந்து தண்ணீரை நீட்டினார். அவ்வளவுதான்...

“வேணாம்!” என்று கத்தியே விட்டேன். பெட்டி மொத்தமும் என்னைத் திரும்பிப் பார்த்தது.

விக்கலுக்குத் தண்ணீர் தராதே என்கிற பாவி உலகத்தில் உண்டா? உண்டு. பம்மலில் நான்கு மாதம் அந்த வேலைதான் பார்த்தேன்.

எந்த ஊரிலும் நான் நிலையாகத் தங்கியதில்லை என்பது வாராவாரம் இதைப் படிக்கும் உங்களுக்குத் தெரியும். மூன்று வருஷம் முன்பு, இரண்டு நாள் இருந்துவிட்டுப் போகலாம் என்று அக்கா வீட்டுக்குப் போனேன். தோல் பதனிடும் ஷெட்டில் வேலை பார்த்த மச்சான், முகமும் காலும் வீங்கிப் படுத்திருந்தார். சிறுநீரகம் இரண்டும் ஓய்ந்துவிட்டன, வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்களாம். அக்காவுக்கு சேலையூர் பள்ளிக்கூடம் ஒன்றில் ஆயா வேலை. பகலில் யார் பார்ப்பது? நான்தான்.

உப்பு கூடாது. ஒரு நாளைக்கு மூன்று டம்ளர் தண்ணீர் — காபி, கஞ்சி எல்லாம் அதற்குள்ளேயே. மீறினால் நெஞ்சில் நீர் கோத்து மூச்சு முட்டும் என்றார் டாக்டர்.

காலையில் அளந்து ஒரு பாட்டிலில் ஊற்றிவைப்பேன். பானைக்குப் பக்கத்தில் காவல் உட்கார்ந்துகொள்வேன். வெளியே சித்திரை வெயில்.

“இன்னாடா, பஞ்சாயத்துக் குழாயா நீ? ஒரு நாளைக்கு ஒரு தபாதான் வருவியா?”

“குழாய்கிட்ட பேசினா தண்ணி வருமா மச்சான்? கம்முனு படுங்க.”

சிரிப்பார். சிரித்தால் வறண்ட உதடு வெடித்து ரத்தம் வரும்.

ஒரு நாள் மத்தியானம் விக்கல் ஆரம்பித்தது. அந்த நோய் முற்றினால் வருமாம். எங்களுக்கு யார் சொன்னார்கள்?

“யாரோ நெனைக்கிறாங்க மச்சான்.”

“நம்மள... எவன்டா... நெனைப்பான்? எமனாத்தான்... இருப்பான்.”

ஒரு மணி நேரமாகியும் நிற்கவில்லை. பக்கத்து வீட்டு அம்மா எட்டிப் பார்த்தார். “மனுசன் விக்கிகினு கெடக்கிறாரு, நீ கல்லு மாதிரி குந்திகினு கீறியே! வூட்ல தண்ணி இல்லியா?”

அந்தப் பேச்சினாலா, பழக்கத்தினாலா, தெரியாது. என் கை தானாகப் பானைக்குள் போனது. ஒரு சொம்பு. மச்சான் கண்ணை மூடிக்கொண்டு கடகடவென்று குடித்தார். விக்கல் நின்றது. இன்னொரு சொம்பு கேட்டார். கொடுத்தேன்.

சாயங்காலம் அவரால் படுக்க முடியவில்லை. தலையணையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தபடி, வாயைத் திறந்து திறந்து மூச்சைத் தேடினார். நெஞ்சுக்குள் கொறகொறவென்று சத்தம். நான் கொடுத்த இரண்டு சொம்பின் சத்தம்! டாக்டரைக் கூப்பிட ஓடினேன். வழியெல்லாம் ஒரே பயம் — திரும்பி வரும்போது அந்தச் சத்தம் நின்றுபோயிருக்குமோ?

நிற்கவில்லை. டாக்டர் ஊசி போட்டார். மெல்ல மெல்ல மூச்சுத் திணறல் குறைந்தது. வேலையிலிருந்து வந்த அக்கா பதறிப்போய் என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் மச்சான் முந்திக்கொண்டார்.

“நான்தான் திருடிக் குடிச்சேன். அவன் தடுத்தான்.”

அக்கா, இந்த வாரம் இதைப் படித்தாயானால்... அது பொய்.

அதற்குப் பிறகு ஆறு வாரம் இருந்தார். விக்கல் வந்தால் என் முகத்தைப் பார்க்க மாட்டார். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். கேட்டுவிடுவோமோ என்று அவருக்குப் பயம். கொடுத்துவிடுவோமோ என்று எனக்குப் பயம்.

ரயிலில் பெரியவர், என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுத் தண்ணீரைக் குடித்தார். விக்கல் நின்றது.

“யாரோ நெனைச்சிருக்காங்க” என்று சிரித்தார் அந்த அம்மாள்.

நினைத்தது நான்தான். ஆனால், அந்தப் பெரியவரை இல்லை.