மருந்துக் கிணறும் உம்மாவின் வுழூவும்

கிணற்றடியை நெருங்கும் முன்பே மூக்கில் ஏறும் குளோரின் நெடிதான், சுனாமிக்குப் பிறகு நாங்கள் ஒதுங்கியிருந்த பள்ளிக்கூடத்தின் முதல் நினைவாக என்னிடம் எஞ்சியிருக்கிறது. மருதமுனையின் கரையோர வீடுகளைக் கடல் கொண்டுபோயிருந்தது. ஒரே வகுப்பறையில், வாங்குகளையும் மேசைகளையும் அடுக்கிய மறைப்புகளுக்கிடையே, நான்கு குடும்பங்கள் இருந்தோம். முற்றத்துக் கிணற்றுக்குக் குளோரின் இட்டிருந்ததால் பெண்கள் அதை "மருந்துக் கிணறு" என்றார்கள். மதிலுக்குப் பின்னால் மருந்திடாத பழைய கிணறு ஒன்றும் இருந்தது.

உம்மா துப்புரவில் கண்டிப்பானவர். மருந்துக் கிணற்று நீரைக் கேத்தலில் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, மூடிவைத்துத்தான் குடிக்கத் தருவார். ஆனால் நிறமோ சுவையோ மணமோ மாறிய நீரில், தொழுகைக்கு முன் முகம் கைகால் கழுவும் "வுழூ" கூடாது என்று சிறுவயதில் ஓதிப் படித்ததை விடாமல் பிடித்துக்கொண்டு, அதற்கு மட்டும் பின்கிணற்று நீரையே கேட்பார். ஒன்பது வயதுக்காரியான நான்தான் அள்ளிவருவேன். உம்மா வுழூ செய்து முகம் துடைத்த முக்காட்டின் ஈரத் தலைப்பை, மடியில் ஏறும் தம்பி சப்பிக்கொண்டிருப்பான். எங்களுக்கு அது சிரிப்பாக இருந்தது.

ஒரு காலையில் அவனுக்கு வயிற்றோட்டம் தொடங்கி, மதியத்துக்குள் கண்கள் குழிவிழுந்து, அழுதாலும் கண்ணீர் வராமல் போயிற்று. பக்கத்து ஊரான பெரியநீலாவணையில் தானும் வீடிழந்திருந்த மருத்துவமாது, உப்பும் சீனியும் கரைத்த நீரைக் கரண்டி கரண்டியாக ஊட்டியபடியே, எந்தத் தண்ணீர் என்று கேட்டார்.

"மருந்துக் கிணறுதான் மிஸி. காய்ச்சித்தான் குடுக்கிறன்," என்றார் உம்மா.

"வுழூவுக்குப் பின்கிணறு," என்றேன் நான், தம்பியின் வாயிலிருந்த முக்காட்டைப் பார்த்தபடி.

உம்மாவின் தங்கையான சாச்சி சுள்ளென்று சொன்னார். "நல்லாரிக்கி ராத்தா. நாலு குடும்பமும் ஒரே அறையில படுக்கிறம். ஒராளுக்கு வந்தா எல்லாருக்கும் வரும்."

உம்மா மருத்துவமாதிடம் மெதுவாகக் கேட்டார்: "மணம் மாறின தண்ணில வுழூ எடுத்தா தொழுக கூடுமா, மிஸி?"

"அத உங்கட மௌலவிட்டக் கேளுங்க. எனக்குத் தெரிஞ்சது இந்தப் புள்ளட வயிறு."

உம்மா எவரிடமும் போகவில்லை. கேத்தலின் மூடியைத் திறந்து, ஆறியிருந்த நீரை நெடுநேரம் முகர்ந்து பார்த்தார். "இதுல ஒரு வாடையும் இல்லகா," என்றார் தங்கையிடம்.

"அப்ப அஞ்சு வக்துத் தொழுகைக்கும் வெறகு ஆரு பொறக்கிற?" என்றார் சாச்சி.

"நீதான்."

அன்று பிற்பகல் அஸர் தொழுகைக்கு உம்மா காய்ச்சிய நீரில் வுழூ செய்தார். மறுநாள் அறையிலிருந்த மற்றப் பெண்களும் அப்படியே செய்தார்கள். பிள்ளைகளின் கைகளும் அதே நீரில் கழுவப்பட்டன. நோய் எங்களில் வேறெவரையும் தொடவில்லை. இரண்டாம் நாள் தம்பி கண்ணீர் வடிய வீரிட்டு அழுதபோது, அந்த அழுகையைக் கேட்டு எல்லோரும் சிரித்தார்கள்.

யுத்தம் முடிந்து குழாய்நீர் வந்தபின் இரு கிணறுகளையும் தூர்த்துவிட்டார்கள்; வகுப்பறை நின்ற இடத்தில் இன்று மாடிக் கட்டடம் நிற்கிறது. தம்பி என்னைவிட உயரமாகிவிட்டான். அந்த நாட்கள் எதுவும் அவன் நினைவில் இல்லை. உம்மா அதைப் பற்றி ஒரே தடவைதான், அவன் வேலைக்காகக் கட்டாருக்குப் புறப்பட்ட காலையில், என்னிடம் கதைத்தார். "அண்டைக்கு நீ வாயத் துறக்காம இருந்திருந்தா, மகள்..." என்று தொடங்கியவர், முடிக்காமல், என் தலையைத் தடவிவிட்டு அவனை வழியனுப்பப் போனார்.