மாமன் மகனை அண்ணன் என்றேன்

என் தாய்மாமன் ரங்கூனில் இறந்துபோய், அவருடைய மகன் மட்டும் கப்பலேறி எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தபோது எனக்குப் பத்து வயது, அவருக்கு இருபத்திரண்டு. அவருடைய அம்மா பர்மாக்காரி. இடுங்கிய கண்கள், வெளுத்த நிறம், மீசை அரும்பாத முகம். கடத்தூர்ச் சந்தையில் அவரைச் சீனாக்காரன் என்றார்கள். "அங்க என்னை இந்தியாக்காரன்னு தொரத்துனாங்க அத்தை" என்று ஒரு நாள் அம்மாவிடம் சொன்னார். அம்மா இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினாள். எங்கள் வீட்டில் எல்லா வருத்தத்துக்கும் அதுதான் மருந்து.

உச்சி வெயிலில் சட்டையைக் கழற்றிவிட்டுப் பாறைமேல் உட்கார்ந்திருப்பார். ஏன் என்று கேட்டால், "உங்க நெறம் வரட்டும்" என்பார். தோல் உரிந்ததே தவிர நிறம் வரவில்லை. பிறகு சாப்பாடு குறைந்தது. பேச்சு அதற்கு முன்பே குறைந்திருந்தது.

அப்பாவுக்கு வேறு கவலை. கல்யாண வயதில் அக்கா இருந்தாள். மாமன் மகன் என்றால் முறைமாப்பிள்ளை. பெண் கேட்டுவிட்டால் மறுப்பது சிரமம். "அவன மாமான்னு கூப்புடாதீங்க. அண்ணன்னுதான் கூப்புடணும்" என்று எங்கள் இருவருக்கும் உத்தரவு போட்டார். அண்ணனாகிவிட்டவன் பெண் கேட்க முடியாது. செலவில்லாத ஏற்பாடு.

அகதிகளுக்கென்று ஒதுக்கிய வேலை ஒன்று தருமபுரியில் அவருக்குக் கிடைப்பதாக இருந்தது. எங்கள் குடும்பத்தைச் சேர்ந்தவர் என்று சான்று வேண்டும். இல்லாவிட்டால், கப்பல் இறங்கியதும் தங்கியிருந்த மெட்ராஸ் அகதி முகாம்தான் மறுபடி. விசாரிக்க ரெவின்யூ இன்ஸ்பெக்டர் சைக்கிளில் வந்தார். அன்று மாமன் மகன் அப்பாவின் வேட்டியைக் கட்டிக்கொண்டு விறைப்பாக நின்றிருந்தார்.

"மொகத்தப் பாத்தா அப்பிடித் தெரியலீங்களே. உங்க மச்சான் மவன்தானா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"காயிதத்துல அப்பிடித்தாங்க இருக்குது" என்றார் அப்பா. அம்மா அடுப்படிக்குள் போய்விட்டாள்.

இன்ஸ்பெக்டர் என் பக்கம் திரும்பினார். பின்னாளில் அதே இலாகாவில் முப்பது வருடம் இருந்தவள் நான். குழந்தையை விசாரிக்கச் சொல்லி எந்தப் படிவத்திலும் கண்டதில்லை.

"பாப்பா, இவுரு உனக்கு என்ன வேணும்?"

"அண்ணன்ங்க!" பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பதுபோல் உரக்கச் சொன்னேன்.

"மாமன் மவன் எப்பிடிம்மா அண்ணன் ஆவான்?" பேனா அந்தரத்தில் நின்றது. அப்பா தொண்டையைக் கனைத்தார்.

அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த மாமன் மகன், "எழுதிக்குங்க சார். நான் இவங்களுக்கு எந்த ஒறவும் இல்ல" என்றார். இன்ஸ்பெக்டர் அப்படியே எழுதிக்கொண்டார்.

மறுநாள் காலை அவர் தகரப்பெட்டியோடு பஸ்ஸுக்கு நடந்தார். "அண்ணா, அண்ணா" என்று கத்தியபடி ரோடு வரைக்கும் ஓடினேன். அவர் திரும்பிப் பார்க்கவே இல்லை. எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. அத்தனை பெரியவர்கள் இருந்த வீட்டில், அதிகாரி முன்னால் அவரை உறவு சொன்னவள் நான் ஒருத்திதானே!