சனி போற வரைக்கும் என்ற பேருல

ஊடு வாங்கறதுன்னு முடிவானதும் எங்க மாமனாரு மொதல்ல போனது வக்கீலுகிட்ட இல்லீங்க, ஆட்டையாம்பட்டி ஜோசியருகிட்ட. "வில்லங்கம் போட்டுப் பாக்க வேண்டாமுங்களா மாமா?"ன்னு கேட்டேன். "அதுக்குத்தான் போறேன்"னு சொல்லிட்டு, எங்க ஊட்டுக்காரரு ஜாதகத்த மஞ்சப்பையில சுருட்டி வெச்சுக்கிட்டுக் கெளம்பிட்டாரு. அவரைப் பொறுத்தவரைக்கும் வில்லங்கம் பத்திர ஆபீசுல கெடையாது, ஆகாசத்துல இருக்குது.

ஊடு ராசிபுரத்துல. சின்ன மச்சு ஊடு, மேல தண்ணித் தொட்டி, முன்னால ஒரு முருங்கை மரம். எங்க ஊட்டுக்காரரு போர் போடற ரிக் வண்டியில மேனேஜரா வடக்க போயி, வெயில்ல காஞ்சு கருவாடாகிச் சம்பாரிச்சது பாதி. எங்கம்மா எனக்குப் போட்டு அனுப்புன நகை மீதி. நகையக் கழட்டிக் குடுத்த அன்னைக்கு எங்க மாமியாரு என்ற கன்னத்தத் தொட்டு, "உனக்குத்தான சாமி ஊடு"ன்னாங்க. அந்த உனக்குல அவங்க மகன், அவங்க பேரன், கொல்லையில திரியற பூனைக்குட்டி வரைக்கும் அடக்கம்னு எனக்கு அப்பத் தெரியாது.

ஊட்டப் பாக்க ஒரு வேன் நெறையாச் சொந்தக்காரங்க வந்தாங்க. தெருக்குத்து இருக்குதா, அடுப்பு அக்கினி மூலையில வருதா, இதுதான் அவங்க கேட்ட சட்டக் கேள்வியெல்லாம். எங்க சின்ன மாமனாரு செல்போன்ல தெசை பாக்கறேன்னு குளியலறைக்குள்ள போயி ரொம்ப நேரம் நின்னாரு. உள்ள சிக்னல் இல்லையாமா, வடக்கு ஓடிப்போச்சாமா.

பத்திரத்தப் பாக்கச் சொல்லிப் போன எடத்துல நாமக்கல் வக்கீலம்மா கேட்டது வேற. தாய்ப்பத்திரம் எங்க, பட்டா யாரு பேருல இருக்குது, விக்கறவருக்குக் கூடப் பொறந்த பொண்ணுக இருக்காங்களா, அவங்க கையெழுத்துப் போட்டாங்களா. எங்க மாமனாரு சிரிச்சாரு. "அந்தப் புள்ளைகளுக்குச் சீர் செஞ்சு கட்டிக் குடுத்தாச்சாமுங்க"ன்னாரு. வக்கீலம்மா கண்ணாடியக் கழட்டி மேசையில வெச்சாங்க. "சீர் செஞ்சா பங்கு போயிருமுன்னு எந்தச் சட்டத்துலயும் எழுதலீங்க. கையெழுத்து வாங்கிட்டு வாங்க, அப்பறம் பேசலாம்." அந்தப் பொண்ணுக வந்து கையெழுத்துப் போட்டுட்டுப் போற வரைக்கும் எங்க மாமனாரு அந்தம்மாளத் திட்டுன திட்டு இருக்குதே, அத எழுதுனா இந்தத் தாள் கிழிஞ்சு போகும்.

இனி யாரு பேருல பத்திரம் பண்றதுங்கறது ஒண்ணுதான் பாக்கி. அதச் சொல்ல வேண்டியது ஜோசியரு. மாமனாரு எங்க ரெண்டு பேரு ஜாதகத்தையும் தூக்கிக்கிட்டு மறுக்கா ஆட்டையாம்பட்டிக்குப் போயித் திரும்பி வந்து, மூஞ்சியக் கடுகடுன்னு வெச்சுக்கிட்டு, தீர்ப்பச் சொன்னாரு. எங்க ஊட்டுக்காரருக்கு மகர ராசி, ஏழரைச் சனி ஓடுது, அவரு பேருல மண்ணு வாங்குனா நெலைக்காது. என்ற ஜாதகத்துல நாலாமிடம் சுத்தமா இருக்குதாமா, மனை யோகம் கொட்டிக் கெடக்குதாமா. "இந்தப் புள்ள பேருலயே பண்ணிரலாம்"ன்னாரு.

எனக்குச் சந்தோசம்தான், வேறென்ன. அடுத்த மூச்சுல மாமியாரு, "சனி போனதும் மாத்திக்கலாமல்ல"ன்னாங்க. மழைக்குப் பக்கத்தூட்டுத் தாழ்வாரத்துல வெறகு அடுக்கி வெப்பமே, அந்தத் தாழ்வாரந்தான் நானு.

அப்படித்தானுங்க சனீஸ்வரன் புண்ணியத்துல நான் ஊட்டுக்காரி ஆனேன். சனிக்கெழமையானா எள்ளு வெளக்குப் போட என்னையும் கூட்டிட்டுப் போவாங்க. மகனப் புடிச்ச சனி சீக்கிரம் வெலகோணும்னு மாமியாரு கண்ண மூடி வேண்டுவாங்க. நானு பக்கத்துல நின்னு, "அவசரமில்லீங்க சாமி, மெதுவாவே போங்க"ன்னு வேண்டிக்குவேன். ஒரே வெளக்கு, ரெண்டு மனு. சாமி பாடுதான் திண்டாட்டம்.

கிரகப்பிரவேசப் பத்திரிகையில மாமனாரு பேரு, மாமியாரு பேரு, மகன் பேரு எல்லாம் இருந்துது. ஊட்டுக்குச் சொந்தக்காரி பேரு இல்லை. ஒரு நா ஊட்டு வரிக்காரரு வாசல்ல நின்னு என்ற பேரச் சொல்லிக் கூப்புட்டாரு. எங்க மாமனாரு திரும்பிக்கூடப் பாக்காம, "அப்படி யாரும் இங்க இல்லீங்க, அடுத்த தெருவுல கேளுங்க"ன்னு அனுப்பிட்டாரு. அவரு மேல குத்தமில்லை. கல்யாணமான நாள்ல இருந்து 'இந்தா புள்ள'ன்னே கூப்புட்டவருக்குப் பேரு எங்க நெனப்பு இருக்கப் போகுது. நாந்தான் தெருமொக்கு வரைக்கும் ஓடிப்போயி ரசீது வாங்கிட்டு வந்தேன்.

கடைசில சனிப்பெயர்ச்சி வந்துருச்சு. கோயிலுக்குப் போயிட்டு வந்து செருப்பக்கூடக் கழட்டாம, "திங்கக்கெழம பத்திர ஆபீசுக்குப் போறம்"ன்னாரு மாமனாரு. நானு எங்க ஊட்டுக்காரருக்குத் தான செட்டில்மெண்ட் எழுதிக் குடுக்கோணுமாமா. பத்திரம் எழுதறவரு வாசிச்சுக் காட்டுனாரு. தங்கள் மீது எனக்குள்ள அன்பினாலும் பிரியத்தினாலும்னு ஆரம்பிச்சுது. எங்க கல்யாணத்துலகூட அத்தன அன்பு யாரும் பேசலை.

நகை போயாச்சு. ஊடும் போயிருச்சுன்னா எனக்குன்னு மிஞ்சறது ஒரு தையல் மிஷினும் வாயும்தான். அன்னைக்குச் சாயங்காலம் எங்க ஊட்டுக்காரருகிட்டக் கேட்டேன். மனுசன் நல்லவருதான், ஆனா அவங்கப்பன் முன்னால முதுகெலும்பக் கழட்டி ஆணியில மாட்டிருவாரு. "எம்பேருல இருந்தா என்ன புள்ள, உம்பேருல இருந்தா என்ன, ரெண்டும் ஒண்ணுதான"ன்னாரு. "ரெண்டும் ஒண்ணுன்னா எதுக்குங்க டோக்கன் போட்டு ஆபீசு வாசல்ல காத்துக் கெடக்கோணும்? இருக்கறது இருக்கட்டுமே"ன்னேன். அவருக்குத் திடீர்னு யாருக்கோ போன் பண்ண வேண்டிய வேலை வந்துருச்சு.

அடுத்த நா துணி எடுக்கப் போறேன்னு சொல்லிட்டு நாமக்கல்லுக்கு பஸ் ஏறுனேன். வக்கீலம்மாகிட்ட, "சனி முடிஞ்சா திருப்பிக் குடுக்கறதுன்னு வாய்ப்பேச்சுங்க, அது செல்லுமுங்களா?"ன்னு கேட்டேன். அந்தம்மா என்ற பத்திரத்தப் பொரட்டிப் பொரட்டிப் பாத்தாங்க. "சனீஸ்வரன் எந்தப் பக்கத்துலயும் கையெழுத்துப் போட்ட மாதிரித் தெரியலையே"ன்னு சிரிச்சாங்க. அப்பறம் சிரிப்ப நிறுத்திட்டு, "உங்க பேருல இருக்கறது உங்களுது. நீங்களா எழுதிக் குடுத்தா ஒழியப் போகாது. எழுதிக் குடுத்துட்டு அழுதுக்கிட்டு வந்தா, கோர்ட்டு வாசப்படி தேயோணும்"ன்னாங்க.

தெகிரியமாத்தான் திரும்பி வந்தேன். ஆனா ஊட்டுக்குள்ள நொழைஞ்சதும் வாய் ஒட்டிக்கிச்சு. திங்கக்கெழம காலையில தல சீவிக் காருல ஏறி உக்காந்தேன். மாமியாரு மட்டும் வரலை, வடை பாயசம் செய்யோணும்னு ஊட்டுலயே இருந்துட்டாங்க. வழி நெடுக மாமனாரு குசாலாப் பேசிக்கிட்டு வந்தாரு.

எங்க டோக்கன் வந்துது. சார்பதிவாளரு சின்ன வயசுக்காரரு. கம்ப்யூட்டரவே பாத்துக்கிட்டு, "எழுதிக் குடுக்கறது நீங்கதானாம்மா? முழு சம்மதத்தோடதான் குடுக்கறீங்களா? யாரும் வற்புறுத்தலையே?"ன்னு மளமளன்னு கேட்டாரு. காலையில இருந்து எல்லாத்துகிட்டயும் கேட்ட கேள்விதான்.

"முழு சம்மதமுங்க"ன்னாரு எங்க மாமனாரு.

"நான் அவங்களக் கேட்டேனுங்க பெரியவரே."

எங்க ஊட்டுக்காரரு தரையப் பாத்துக்கிட்டு நின்னாரு. அந்தத் தரையில ஒண்ணும் இல்லை, நானும் பாத்தேன்.

"இல்லீங்க"ன்னேன். கொரலு எனக்கே கேக்கலை. இன்னொருக்காச் சொன்னேன். "எனக்குச் சம்மதமில்லீங்க. ஊடு என்ற பேருலயே இருக்கட்டுமுங்க."

சார்பதிவாளரு அப்பத்தான் தல நிமிந்து என்னையப் பாத்தாரு. பத்திரத்த எடுத்து எங்க பக்கமாத் தள்ளிட்டு, அடுத்த டோக்கனக் கூப்புட்டாரு. அவ்வளவுதானுங்க. வானம் இடிஞ்சு உழுகலை.

திரும்பி வந்து எங்கள வாசல்ல எறக்கி உட்டுட்டு மாமனாரு அதே காருல ஆட்டையாம்பட்டிக்குப் போயிட்டாரு, எந்தக் கெரகம் ஏமாத்துச்சுன்னு கேக்கறதுக்கு. எங்க ஊட்டுக்காரரு மாடியேறித் தண்ணித் தொட்டி நெறைஞ்சுதான்னு பாக்கப் போனவரு எறங்கவே இல்லை.

நானு சமையக்கட்டுக்குப் போனேன். மாமியாரு வடை சுட்டுக்கிட்டு இருந்தாங்க. நடந்ததச் சொன்னேன். கரண்டிய எடுத்து மண்டையில போடுவாங்கன்னு ஒரு எட்டுத் தள்ளித்தான் நின்னேன். சட்டியில இருந்த வடையத் திருப்பிப் போட்டாங்க. அப்பறம், "அந்த ஆபீசரு எல்லாத்துகிட்டயும் அப்படிக் கேப்பாங்களா கண்ணு?"ன்னாங்க.

"கேப்பாங்க அத்த. கேட்டுத்தான் ஆகோணும்."

"அப்ப எங்கிட்டயும் கேட்டிருப்பாங்க. எங்கப்பன் காலமானதும் வெண்ணந்தூர்ல எங்க வெள்ளாமைக் காட்டுல என்ற பங்க அண்ணன் பேருக்கு எழுதிக் குடுக்கக் கையெழுத்துப் போடப் போனேன். எங்கண்ணன் புதுச்சீலை எடுத்துக் குடுத்துக் கூட்டிட்டுப் போனான், பக்கத்துலயே நின்னான். ஆபீசரு என்னமோ கேட்டாங்க. தலைய ஆட்டிட்டு வந்துட்டேன்."

அடுப்ப அணைச்சாங்க. என்ற பக்கம் திரும்பவே இல்லை.

"இல்லைன்னு சொன்னா உட்டுருவாங்களா?"

"என்னைய உட்டுட்டாங்களே அத்த."

கரண்டியக் கீழ வெச்சுட்டு முந்தானையில கையத் தொடச்சாங்க. "கோடையிலயும் தண்ணி வத்தாது கண்ணு, அந்தக் காட்டுக் கெணத்துல"ன்னாங்க.