கடைசிப் பக்கத்தில் இருந்த எண்

நாட்டின் வருமானத்தில் தகவல் துறையின் பங்கு எவ்வளவு என்று கணக்கிடும் அலுவலகத்தில் எனக்கு வேலை. மென்பொருள், இணையம், தொலைபேசி, பதிப்பகம் என்று எல்லா நிறுவனங்களும் எங்கள் படிவத்தை நிரப்பி அனுப்ப வேண்டும். விற்றதிலிருந்து வெளியாரிடம் வாங்கியதைக் கழித்தால் மிஞ்சுவதுதான் அந்த நிறுவனத்தின் பங்களிப்பு. ஊழியர் சம்பளமும் அதற்குள்தான் வரும். படிவத்தில் இருப்பதை வெளியே சொன்னால் சட்டப்படி குற்றம். சேர்ந்த அன்றே கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

“வாயை மூடிக்கிட்டிருக்கிற வேலைக்குப் போயும் போயும் உன்னை எடுத்தாங்களே!” என்று என் தம்பி கிண்டல் செய்வான். அதில் நியாயம் உண்டு. அவன் வீட்டுத் திரைச்சீலையின் நிறத்திலிருந்து மகளின் பள்ளிக்கூடம் வரை எல்லாவற்றிலும் நான் மூக்கை நுழைப்பேன். அவனும் என்னைக் கேட்காமல் எதையும் செய்ய மாட்டான்.

ஒரு புதன்கிழமை வந்த படிவம் ஒன்றில் கடைசிப் பக்கம் உறுத்தியது. ஆறு மாதம் கழித்து எத்தனை ஊழியர்கள் இருப்பார்கள் என்ற கட்டத்தில், மூன்று இலக்கம் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டுதான் இருந்தது. சைபர் ஒன்று விட்டுப்போயிருக்கும் என்று நினைத்தேன். அப்படிப்பட்டதை ஃபோனில் கேட்டுச் சரிபார்ப்பது என் வேலை. எங்கள் திரையில் நிறுவனத்தின் குறியெண்ணும் தொலைபேசி எண்ணும்தான் தெரியும் என்பதால், எந்த நிறுவனம் என்று தெரியாமலே கூப்பிட்டேன்.

எடுத்த பெண் தன் நிறுவனத்தின் பெயரைச் சொன்னதும் எனக்குத் திக்கென்றது. தம்பி ஏழு வருடமாக வேலை செய்யும் இடம். எண் சரிதான் என்றாள். வாடிக்கையாளர் உதவிப் பிரிவை மொத்தமாக வெளிநாட்டுக்குக் கொடுக்கப்போகிறார்களாம். அடுத்த மாதம்தான் ஊழியர்களுக்குச் சொல்வார்களாம். தம்பி அந்தப் பிரிவில்தான் இருக்கிறான்.

உடனே மேலதிகாரியிடம் போய்ச் சொன்னேன். அவர் படிவத்தை வேறொருவருக்கு மாற்றிவிட்டு, “வெளிய மூச்சு விடக்கூடாது, தெரியும்ல?” என்றார். தெரியும் என்றேன்.

மறுநாளே தம்பி என்னை மதிய உணவுக்குத் தேக்கா சந்தையின் சாப்பாட்டுக் கடைக்குக் கூப்பிட்டான். பிரியாணித் தட்டுகளோடு வந்து உட்கார்ந்தவன், நேராக விஷயத்துக்கு வந்தான்.

“அக்கா, ஜூரோங் பக்கம் ஒரு கம்பெனில ஆஃபர் வந்திருக்கு. ஷிஃப்ட் வேலை, சம்பளமும் கொஞ்சம் கம்மி. இங்க பாஸ் டீம் லீடர் ஆக்குறேன்னு சொல்லியிருக்காரு. நாளைக்குள்ள பதில் சொல்லணும். வேணாம்னு சொல்லிரலாமா?”

மற்ற நாளாக இருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும். “சின்னப் பிள்ளையை வச்சுக்கிட்டு ஷிஃப்ட் வேலையா? பேசாம இருக்கிற இடத்திலயே இரு” என்று பொரிந்து தள்ளியிருப்பேன். இப்போது அதைச் சொன்னால் துரோகம். போ என்று சொன்னால், அக்கா ஏன் இப்படிச் சொல்கிறாள் என்று அரை நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவான். சட்டத்துக்குப் பயந்தேன். என் வேலை போய்விடும் என்றும் பயந்தேன், அதை மறைப்பானேன்?

“உன் இஷ்டம்டா” என்றேன்.

அவன் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். “என்னக்கா, உடம்பு சரியில்லையா?”

“தலைவலி.”

“அப்ப இங்கயே இருந்திர்றேன் லா. நீயும் ஒண்ணும் சொல்லலையே” என்று சிரித்தபடி என் தட்டிலிருந்த முட்டையை எடுத்துக்கொண்டான். நான் தடுக்கவில்லை.

ஐந்து வாரம் கழித்து ஃபோன் செய்தான். வேலைநீக்கக் கடிதம் கொடுத்துவிட்டார்கள். ஜூரோங் வேலைக்கு வேறு ஆள் வந்தாயிற்று. “அக்கா, அன்னிக்கே உனக்குத் தெரியுமா?” என்று கேட்டான்.

இனி ரகசியம் என்று ஒன்றும் இல்லை. “தெரியும்” என்றேன்.

அவன் திட்டவில்லை. ஃபோனை வைத்துவிட்டான்.

அந்தக் காலாண்டில் தகவல் துறையின் பங்கு உயர்ந்திருந்தது. எங்காவது தப்பு இருக்காதா என்று மூன்று முறை கூட்டிப் பார்த்தேன். கணக்கு சரியாகத்தான் இருந்தது. தம்பிக்குச் சில மாதம் கழித்து ஒரு கிடங்கில் வேலை கிடைத்தது. இப்போது அவன் சம்பளம் எங்கள் அட்டவணையில் வேறொரு துறையின் வரிசையில் வருகிறது.

போன வாரம் அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். கூடத்தில் புதுத் திரைச்சீலை தொங்கியது, கண்ணைப் பறிக்கும் மஞ்சள். எனக்குப் பிடிக்கவே இல்லை. எப்போது வாங்கினாய் என்று கேட்டேன்.

“போன மாசம்” என்றான். எப்படி இருக்கிறது என்று அவன் கேட்கவில்லை.