பழைய பெயரில் புதிய இமேஜ்

ஆம்புலன்ஸ் அழைப்பு மையத்தின் சர்வர்களைக் கவனிப்பவளுக்கு அலுவலகத்தில் 'சந்தேக அக்கா' என்று பெயர். அன்று அழைப்புகள் நடுவிலேயே அறுந்தன. அவள் அவசர அவசரமாக ஒவ்வொரு சர்வராகத் திறந்து பார்த்தாள்.

"சர்வரை அமைக்கிற புரோகிராம் 'மாற்றம் இல்லை'ன்னுதானே காட்டுது? ஏம்மா பதறுற?" என்றார் மேலாளர்.

"அது பேரை மட்டும்தான் பாக்குது சார். உள்ளே ஆளே மாறியாச்சு."

மென்பொருளை மொத்தமாகக் கட்டிவைத்த 'கண்டெய்னர் இமேஜ்' என்ற பொதியை யாரோ மாற்றி, பழைய பெயரிலேயே ஏற்றியிருந்தார்கள். மறுபடி தொடங்கிய சர்வர்களில் மட்டும் புதியது இறங்கியிருந்தது; அங்கே போன அழைப்புகள்தான் அறுந்தன.

பழையதைத் திருப்பி வைத்தாள். பிறகு, பெயரை விட்டு, கைரேகைபோல் இமேஜுக்கு இமேஜ் மாறும் அடையாள எண்ணை ஒப்பிடும்படி புரோகிராமைத் திருத்தினாள்.

சாப்பிடும்போதும் போனையே பார்த்தவளிடம், "அதான் சரியாயிடுச்சே?" என்றார் கணவர்.

"ஆயிடுச்சு. ஆனா அந்தப் புரோகிராம் 'சரி'ன்னு காட்டும்போதுதாங்க எனக்குப் பயமே."