அப்பாவின் காசு, என் பெயர்

நான் பல் வைத்தியராக வரவில்லை. மூன்று வருடம் படித்துவிட்டு விட்டுவிட்டேன். ஏன் விட்டாய் என்று கேட்பவர்களுக்கு அந்தந்த நேரத்தில் வாயில் வந்ததைச் சொல்லியிருக்கிறேன்: படிப்புப் பிடிக்கவில்லை, உடம்பு சரியில்லை, பிறகு பார்க்கலாம். டென்மார்க்கில் நாங்கள் இருந்த ரண்டர்ஸ் நகரத்துத் தமிழ்ச் சனம் தாங்களாகவே ஒரு காரணம் வைத்திருந்தது. அதில் ஒரு பொடியன் இருந்தான். அப்படி ஒருத்தன் உண்மையிலேயே இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை, கொஞ்சம் சந்தோஷமாவது மிஞ்சியிருக்கும்.

நடந்தது வேறு. எனக்குப் பதினாறு வயதானபோது அப்பா பின்னேரங்களில் ஒரு துப்புரவு வேலை எடுத்தார். பகலில் இறைச்சி ஃபாக்டரி, ஆறு மணிக்குப் பிறகு கார் விற்கும் ஒரு பெரிய கடையைக் கூட்டித் துடைப்பது. இரண்டாவது வேலையைத் தன் பெயரில் எடுத்தால் சம்பளத்தில் பெரிய துண்டு வரிக்குப் போய்விடும். வேறு வருமானமில்லாத பிள்ளையின் பெயரில் எடுத்தால் வரி இல்லை. இது அப்பாவின் மூளையில் உதித்ததல்ல. விளம்பரத் தாள் போடுவது, கந்தோர் கூட்டுவது என்று எங்கள் சனத்தில் எத்தனையோ பேரின் இரண்டாவது வேலை பிள்ளைகளின் பெயரில்தான் ஓடியது. அதைப் பிழை என்று யாரும் நினைத்ததாக எனக்கு ஞாபகமில்லை. வீட்டுக் கரண்ட் பில் யார் பெயரில் வருகிறது என்பதைப் போல ஒரு சின்ன விஷயம்.

சம்பளம் என் கணக்குக்கு வரும். வந்த அன்றே அது அப்பாவின் கணக்குக்குப் போய்ச் சேரும்படி வங்கியில் ஒழுங்கு செய்து வைத்தேன். அந்தக் கார்க் கடையின் வாசலைக்கூட நான் மிதித்ததில்லை.

பிறகு ஆர்ஹுஸில் பல் வைத்தியம் படிக்க இடம் கிடைத்தது. அப்பா அன்றைக்கு யார் யாருக்கு ஃபோன் எடுத்தார் என்று கணக்கில்லை. கனடாவில் உள்ள, பத்து வருடமாகக் கதை பேச்சு இல்லாத பெரியப்பாவுக்குக்கூட எடுத்தார். இந்த நாட்டில் பெரியவர்கள் பல்லுக்குத் தங்கள் கையிலிருந்துதான் காசு கொடுக்க வேண்டும். அப்பாவுக்கு ஒரு கடைவாய்ப் பல் பழுதாகிக் கிடந்தது. "என்ர மகள் படிச்சு முடிச்சு வந்து பிடுங்கட்டும்" என்று எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

டென்மார்க்கில் பல்கலைக்கழகத்துக்குக் கட்டணம் இல்லை. போதாததற்குப் படிக்கிறவர்களுக்கு அரசாங்கமே மாதாமாதம் காசு தருகிறது. அதை எஸ்.யூ. என்போம். லண்டனில் உள்ள சொந்தக்காரர் கேட்டால் வயிறெரிவார்கள். ஆனால் அதற்கு ஒரு எல்லை உண்டு. எஸ்.யூ. எடுக்கிறவர் வேலை செய்து வருடத்துக்கு இவ்வளவு காசுதான் உழைக்கலாம். அதற்கு மேலே போனால் வாங்கின காசைத் திருப்பிக் கட்ட வேண்டும், அதற்கு மேல் தண்டமும் கட்ட வேண்டும்.

எஸ்.யூ.வில் பெரும்பங்கு அறை வாடகைக்குப் போனது. சாப்பாட்டுக்கும் மற்றதுக்கும் ஒரு முதியோர் இல்லத்தில் சனி ஞாயிறு வேலை செய்தேன். எல்லையைத் தாண்டிவிடக் கூடாது என்று ஒரு கொப்பியில் மணிக்கணக்கு எழுதி வைத்தேன். நத்தார் விடுமுறை நாட்களில் சம்பளம் கூடுதல், டேனிஷ்காரர் வேலைக்கு வரமாட்டார்கள், எங்கள் பிள்ளைகள் போட்டி போட்டு அந்த நாட்களை எடுப்பார்கள். நான் வேண்டாம் என்றேன். என்னைப் போல கவனமான ஆள் உண்டா என்று எனக்குள்ளே ஒரு பெருமை வேறு.

அந்தக் கொப்பியில் கார்க் கடைச் சம்பளம் இல்லை. நான் அதை மறைக்கவில்லை. அது என்னுடையது என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றவில்லை. அது அப்பாவின் காசு, அப்பாவின் முதுகு, அப்பாவின் பின்னேரம். என் பெயர் சும்மா அதில் ஒட்டிக்கொண்டிருந்தது. இதற்குள் எஸ்.யூ.வும் இரண்டு சம்பளமும் சேர்ந்து என் பெயரில் வரியும் விழத் தொடங்கியிருந்தது. வேலையை மாற்றி எழுதுவோமா என்று ஒருமுறை அப்பாவிடம் கேட்டேன். "கிடக்கட்டும் பிள்ளை, ஓடுற மட்டும் ஓடட்டும்" என்றார். நானும் விட்டுவிட்டேன்.

எஸ்.யூ. கொடுப்பவர்கள் எங்கள் வருமானத்தை உடனே பார்ப்பதில்லை. வரிக் கணக்கெல்லாம் முடிந்த பிறகுதான் பார்ப்பார்கள். மூன்றாம் வருடம் தொடங்கிய இலையுதிர் காலத்தில், நாங்கள் பொம்மைத் தலையின் பிளாஸ்டிக் பல்லில் ஓட்டை போட்டுப் பழகிக்கொண்டிருந்தபோது, எஸ்.யூ. கந்தோரிலிருந்து ஃபோனுக்கு ஒரு கடிதம் வந்தது. போன வருடம் முழுவதும் எல்லைக்கு மேலே உழைத்திருக்கிறேனாம். இரண்டு வேலைகளையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுக் கூட்டியிருந்தார்கள். தொகையை இரண்டு தரம் வாசித்தேன். அடுத்த நிமிடம்தான் மற்றது உறைத்தது. இந்த வருடமும் முடியப் போகிறது, இதற்கும் இதேபோல ஒரு கடிதம் வரும்.

மாணவர் ஆலோசகரிடம் போனேன். என் சிநேகிதி ஒருத்திக்கு இப்படி நடந்துவிட்டது, வேலை செய்தது அவளல்ல, அவளுடைய தகப்பன் என்றேன்.

"அதை எழுத்தில் கொடுத்தால் அவர்கள் பார்ப்பார்கள்" என்றார் அந்தப் பெண். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். "ஆனால் பிறகு பிரச்சினை உங்கள் சிநேகிதியின் தகப்பனுக்குத்தான். வரித் திணைக்களமும் கேட்கும். யோசித்துச் செய்யச் சொல்லுங்கள்."

அவர் நல்ல மனுஷிதான். எனக்கு அவர் மேலேயே ஆத்திரம் வந்தது.

அந்தச் சனிக்கிழமை வேலைக்கு லீவு சொல்லிவிட்டு ரண்டர்ஸுக்கு ரயில் ஏறினேன். அப்பாவிடம் சொல்லிவிடுவது என்றுதான் போனேன். அவர் கதவைத் திறந்தார். முதுகு வலிக்கு இடுப்பில் பட்டி கட்டியிருந்தார். "வாங்கோ டொக்டர், வாங்கோ" என்று எனக்குத் தலை குனிந்து வழிவிட்டார். அவ்வளவுதான், வந்த சொல் திரும்பிப் போய்விட்டது. சொன்னால் இந்த மனிசன் அப்படியே உடைந்து போவார் என்று நினைத்தேன். சொல்லியும் பலனில்லை என்றும் நினைத்தேன், அந்தக் காசெல்லாம் வீட்டுக் கடனுக்குள் போய் முடிந்திருக்கும். கொம்பனியில் சட்டம் மாறிவிட்டது, வேறு பெயர் கேட்கிறார்கள் என்று ஒரு பொய் சொல்லி வேலையை அம்மாவின் பெயருக்கு மாற்றினேன். அப்பாவின் டேனிஷ் ஃபாக்டரி வேலைக்கு மட்டும்தான் போதும். வீட்டுக்கு வரும் கடிதமெல்லாம் நான் வாசித்துச் சொல்வதுதான். ஆகவே என் பொய்யை அவர் நம்பினார்.

எஸ்.யூ.வை நிறுத்தினேன். அதை நிறுத்தினால் கூடுதலாக உழைக்கலாம், உழைத்துக் கட்டலாம் என்று கணக்குப் போட்டேன். முதியோர் இல்லத்தில் கிழமைக்கு ஐந்து நாள். காலையில் கிழவர்களைக் குளிப்பாட்டிவிட்டு ஓடினால் செய்முறை வகுப்பு பாதி முடிந்திருக்கும். அந்த வகுப்பில் வரவு முக்கியம். முதலில் எச்சரித்தார்கள். பிறகு ஒரு பரீட்சையில் தவறினேன், திரும்ப எடுத்தேன், திரும்பத் தவறினேன். கோடையில் இரண்டாவது கடிதம் வந்தது. வேறு யாராவது என்றால் சமாளித்திருப்பார்களோ என்னவோ. என்னால் முடியவில்லை. விலகுவதற்கு ஒரு படிவம் நிரப்ப வேண்டும், ஐந்து நிமிட வேலை.

வீட்டில் சொன்னபோது அம்மா அழுதார். அப்பா அழவில்லை. "உனக்கு என்ன குறை வைச்சனான்?" என்று மட்டும் கேட்டார். அடுத்த கிழமை அவர் டவுனில் ஒரு பல் வைத்தியரிடம் போய் அந்தப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்தார். வீங்கின கன்னத்தோடு இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. அதன் பிறகு கதைத்தார், ஆனால் டொக்டர் என்று கூப்பிடவில்லை.

இது நடந்து நாலு வருடமாகிறது. அதே முதியோர் இல்லத்தில் இப்போது எனக்கு முழுநேர வேலை. எவ்வளவு வேண்டுமானாலும் உழைக்கலாம், எல்லை கிடையாது. மாதாமாதம் கட்டுகிறேன், இன்னும் முடியவில்லை. திரும்பப் படிக்கப் போகலாமே என்று என்னோடு வேலை செய்கிறவர்கள் சொல்லும்போது ஓம் என்று தலையாட்டுவேன். போகமாட்டேன் என்று எனக்குத் தெரியும்.

இந்தக் கோடையில் தங்கச்சிக்கு ஒல்போரில் பொறியியல் படிக்க இடம் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை ஆட்டிறைச்சிக் கறியோடு சாப்பாடு. சாப்பிட்டு முடிய அப்பா உள்ளே போய் வங்கிக் கடதாசி ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் விரித்தார். தங்கச்சிக்கு அப்பாவின் தமிழ் பாதிதான் பிடிபடும். பதில் எப்போதும் டேனிஷில்தான். அதனால் அப்பா என் பக்கம் திரும்பினார்.

"நீ வடிவா விளங்கப்படுத்து. அந்தக் கார்க் கடை கூட்டின காசு முழுக்க இதிலை கிடக்கு. ஒரு குரோன் நான் தொடேல்லை. அக்கா படிச்சு முடிச்சு சொந்தமா ஒரு கிளினிக் போடேக்கை குடுப்பம் எண்டு சேர்த்தது. அவள் படிக்கேல்லை. அதாலை இது உனக்கு எண்டு சொல்லு."

தொகையைப் பார்த்தேன். இரண்டு வருடத்துக்கும் தண்டத்தோடு கட்டியிருந்தாலும் மிச்சம் வந்திருக்கும். அந்தச் சனிக்கிழமை வாசலில் வைத்து நான் வாயைத் திறந்திருந்தால் போதும். எனக்கு அப்போது அப்பாவைப் பிடித்து உலுப்ப வேண்டும் போலிருந்தது. அதைவிட அதிகமாக என்னையே அறைய வேண்டும் போலிருந்தது.

தங்கச்சி என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் டேனிஷில் சொன்னேன். கார்க் கடையைச் சொன்னேன். அக்காவுக்கென்று சேர்த்த காசு என்று சொன்னேன். அக்கா படிக்கவில்லை, அதனால் உனக்கு என்பதையும் சொன்னேன். அவள் எழும்பிப் போய் அப்பாவைக் கட்டிப்பிடித்தாள்.

அவளுடைய தோளுக்கு மேலால் அப்பா என்னைப் பார்த்தார்.

"எல்லாம் சொன்னனீயே?"

"ஓம் அப்பா," என்றேன். "எல்லாம் சொன்னனான்."