தளத்திலேயே விடச் சொன்ன மூன்று கட்டிகள்

கட்டடம் எழும்புகிற இடத்தில் அவளை எல்லோரும் கட்டியம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பேர் அடையாள அட்டையோடு நின்றுவிட்டது.

கான்கிரீட் வண்டி வந்து நின்றதும் ஒரு வாளியை நீட்டிக் கொஞ்சம் வாங்கிக்கொள்வாள். அதைச் சதுர இரும்பு அச்சுகளில் போட்டுக் கம்பியால் குத்திக் குத்தி இறுக்குவாள். மறுநாள் அச்சைக் கழற்றினால் கையகலத்தில் கனமான கட்டிகள் வரும். அவற்றை ஜெனரேட்டர் அறைக்குள் இருக்கும் தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட்டு, குறித்த நாளில் லேபுக்குக் கொண்டுபோவாள். அங்கே மெஷின் ஒவ்வொரு கட்டியையும் அழுத்தி உடைக்கும். எவ்வளவு அழுத்தம் தாங்கியதோ அதுதான் அந்தக் கான்கிரீட்டின் பலம். அச்சில் அள்ளிப் போடும்போதெல்லாம், "நல்லா நில்லு சாமி" என்று உதட்டுக்குள் சொல்லிக்கொள்வாள். வேலையும் வேண்டுதலும் அவளுக்கு ஒன்றாகவே போய்க்கொண்டிருந்தன.

வேலைக்கு வந்த புதிதில் ஒருமுறை கட்டிகளை வெயிலில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விட்டாள். அப்போதிருந்த இன்ஜினியர் நல்ல மனிதர், வாய்தான் பொல்லாதது. "பச்சப்புள்ளைய நடுரோட்டுல போட்டுட்டு வந்து சோறு திங்கிறியே, எப்படிம்மா இறங்குது?" என்று அத்தனை பேர் முன்னாலும் கேட்டுவிட்டார். அன்றைக்குக் கூனிக் குறுகிப் போனவள்தான். அதற்கப்புறம் ஒரு கட்டியும் அவள் கையில் காய்ந்ததில்லை.

அவள் வீட்டுக்காரருக்கும் அங்கேயேதான் வேலை. தளம் ஊற்றும் முன் பலகைக்கு அடியில் முட்டு கொடுத்து நிறுத்துவார். தளம் இறுகியதும் அந்த முட்டுகளைப் பிரித்தெடுப்பார். வாயைத் திறந்தால் கேலிதான்.

"நீ ஒடைக்கிறதுக்குன்னே வளக்குற. நான் பிரிக்கிறதுக்குன்னே கட்டுறேன். நம்மளச் சேத்து வச்சானே ஆண்டவன், அவனுக்குக் கொழுப்பு ஜாஸ்திடி."

"சாமிய இழுக்காதீங்க. வாயி அழுகிப் போவும்."

"அழுகட்டுமே. உனக்கும் காது ஓஞ்சிருக்கும்."

அந்த வருஷம் பனி முன்கூட்டியே இறங்கிவிட்டது. விடிகாலையில் இரும்பைத் தொட்டால் கை ஒட்டிக்கொள்ளும் போல் இருந்தது. அந்தக் குளிரில்தான் இரண்டாம் மாடித் தளம் ஊற்றினார்கள். புதிதாக வந்திருந்த இன்ஜினியர் சின்னப் பெண். வழக்கமான கட்டிகளோடு கூட மூன்று போடச் சொன்னாள்.

"அக்கா, இந்த மூணையும் தொட்டிக்குக் கொண்டு போயிடாதீங்க. தளத்து மேலயே ஓரமா இருக்கட்டும்."

"பனி கொட்டுதேம்மா?"

"பரவாயில்லக்கா, இருக்கட்டும்" என்றாள். அதற்குள் செல்போன் அடிக்க, பேசிக்கொண்டே படியிறங்கிப் போய்விட்டாள். அவளுக்கு இன்னொரு கட்டடமும் பார்க்க வேண்டியிருந்தது. அந்த வாரம் முழுக்க அங்கேயே இருந்தாள்.

அச்சைக் கழற்றிய அன்று சாயங்காலம் கட்டியம்மா மேலே போய்ப் பார்த்தாள். மூன்று கட்டிகளும் ஓரத்தில், வெட்டவெளியில், ஈரம் உறைந்து கிடந்தன. அவளுக்கு மனசு கேட்கவில்லை. சின்னப் பெண், விவரம் தெரியாமல் சொல்லியிருப்பாள், நாளைக்கு ரிப்போர்ட் கெட்டால் அந்தப் பெண்ணுக்குத்தானே கெட்ட பேர் என்று நினைத்தாள். மூன்றையும் தட்டில் வைத்து இறக்கிக் கொண்டுபோய்த் தொட்டியில் விட்டாள். ஜெனரேட்டர் ஓடி ஓடி அந்த அறை கதகதவென்றிருக்கும். தண்ணீரும் வெதுவெதுப்பாக இருந்தது. ஒரு நல்ல காரியம் செய்த நிம்மதியோடு வீட்டுக்குப் போனாள்.

லேபுக்குப் போக வேண்டிய காலையில் அந்த மூன்றையும் துடைத்துச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டாள். வீட்டுக்காரர் முட்டுகளுக்கு நடுவே குந்தியிருந்தார்.

"கட்டி தாங்கிருச்சுன்னா மேஸ்திரிக்குப் போன் வரும். வந்ததும் பிரிக்க ஆரம்பிச்சிருவோம். பாத்து ஒடைக்கச் சொல்லு" என்றார்.

"சாப்பிட்டுட்டு ஆரம்பிங்க" என்று சொல்லிவிட்டு வண்டி ஏறினாள்.

லேப்காரர் வழுக்கைத் தலையர், பல வருஷப் பழக்கம். "வாம்மா, புள்ளைங்கள நசுக்கிரலாமா?" என்றபடி முதல் கட்டியை இரண்டு இரும்புத் தகடுகளுக்கு நடுவில் வைத்தார். எண்கள் ஏறின. ஏறிக்கொண்டே போய், 'டப்'பென்று ஒரு சத்தம். கட்டியின் நாலு பக்கமும் உதிர்ந்து, உடுக்கை மாதிரி இடுப்பு ஒடுங்கி நின்றது. மற்ற இரண்டும் அப்படியேதான் உடைந்தன.

"சபாஷ்! இந்தக் குளிர்லயும் கல்லா இறுகியிருக்கே!" இன்ஜினியர் அவசரப்படுத்தியிருந்ததால் அங்கிருந்தே அந்தப் பெண்ணுக்குப் போனில் எண்ணைச் சொல்லிவிட்டார். அப்புறம் டீ குடித்துவிட்டு வந்து சில்லுகளைக் கூட்டிப் பெருக்கும்போது ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். உள்ளே கருகருவென்று ஈரம்.

"ஏம்மா, இது தளத்து மேல கெடந்த கட்டிதானா?"

"அந்தப் பனியிலயா விடுவேன்? அன்னைக்கே தொட்டியில போட்டுட்டேன்" என்றாள், பெருமையாக.

அவர் துடைப்பத்தைக் கீழே போட்டார்.

"அடப்பாவி மகளே! தொட்டிக் கட்டி கலவை நல்லாருக்கான்னு சொல்லும். இந்த மூணும் தளத்தோட கூடவே கெடந்து நனையணும், வெறைக்கணும். தளம் எவ்வளவு இறுகியிருக்குன்னு இதுதாம்மா சொல்லும். குளிர்ல கான்கிரீட் சீக்கிரம் இறுகாது. மேல தளம் இன்னும் பச்சையால்ல இருக்கும்!"

அவள் சாக்கைக் கையில் பிடித்தபடி நின்றாள். கேட்டது காதில்தான் விழுந்தது. பிறகு எல்லாம் ஒரே மூச்சில் விளங்கியது. "அய்யோ, அவரு அடியில இருக்காரு" என்றாள்.

வீட்டுக்காரருடைய போன் எடுப்பாரில்லாமல் அடித்துக்கொண்டே இருந்தது. வேலை செய்யும்போது சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிடுவார், போனும் அதிலேயே இருக்கும். லேப்காரர் இன்ஜினியரைக் கூப்பிட்டார், அவள் மேஸ்திரியைக் கூப்பிட்டாள். லேப்காரர் தன் வண்டியிலேயே அவளை ஏற்றிக்கொண்டு பறந்தார். வழியெல்லாம் அவள் சாமியைத்தான் கூப்பிட்டாள். வேண்டுதல் என்று வார்த்தை எதுவும் வரவில்லை. பேரை மட்டும் திருப்பித் திருப்பிச் சொன்னாள்.

நடந்ததை மேஸ்திரி பின்னால் சொன்னார். அவளுடைய போன் வரும்போது நடுப்பகுதி முட்டுகளைப் பிரித்து முடித்திருந்தார்கள். மேஸ்திரி கத்தியதும் எல்லோரும் வெளியே ஓடி வந்துவிட்டார்கள். அவள் வீட்டுக்காரரும் வந்துவிட்டார். வந்து நின்று திரும்பிப் பார்த்தவர், தளத்தின் வயிறு தொங்குவதைக் கண்டார். மேலே செங்கல் அடுக்கிக்கொண்டிருந்த இரண்டு பெண்களுக்குக் கீழே போட்ட கூச்சல் எட்டவில்லை.

"அவளுகள இறக்குங்கடா!" என்று சொல்லிவிட்டு ஒரு முட்டுக் கம்பத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு மறுபடியும் உள்ளே போனார். அதை நிறுத்தினார். அடுத்ததற்கு வந்து, அதையும் எடுத்துக்கொண்டு போனார். பெண்கள் இருவரும் ஏணியில் இறங்கித் தரையில் கால் வைத்தார்கள். அவர் வெளியே வரவில்லை.

அவள் வந்து சேர்ந்தபோது இடிந்து விழுந்த தளத்தின் தூசி அடங்கியிருந்தது. கம்பிகளை அறுத்து அவரை எடுக்கப் பொழுது சாய்ந்துவிட்டது.

ஆஸ்பத்திரி வாசலில் மேஸ்திரி அவளைத் தனியாகக் கூப்பிட்டார். "வாயத் தொறக்காத தாயி. விசாரிக்க வருவாங்க. நல்லாருக்குன்னு சொன்னவன் லேப்காரன், பழி அவனோட போவட்டும். உன்னை யாரும் கேக்கப் போறதில்ல."

அவள் அவரைக் கடந்து போனாள். உள்ளே பெஞ்சில் இன்ஜினியர் பெண் முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கட்டியம்மா போய்ப் பக்கத்தில் அமர்ந்தாள்.

"நீங்க இருக்கச் சொன்ன எடத்துல நான் வைக்கலம்மா."

"தெரியும்க்கா. லேப்ல சொன்னாங்க." அந்தப் பெண் முகத்திலிருந்து கையை எடுத்தாள். "ஏன் அங்கயே விடணும்னு நான் உங்களுக்குச் சொல்லலியே."

"நீங்க சொல்லல. நானும் கேக்கல."

விசாரிக்க வந்த அதிகாரியிடம் கட்டியம்மா, எந்த நாள் எடுத்தாள், எங்கே போட்டாள் என்று ஒன்று விடாமல் சொன்னாள். லேப்காரர் மேல் தப்பில்லை என்று அதிகாரி கேட்காமலேயே இரண்டு முறை சொன்னாள்.

புருஷனைப் பறிகொடுத்தவர்கள் ஏன் இப்படிச் செய்தாய் என்று கடவுளைக் கேட்பார்கள். கேட்டுக் கேட்டாவது மனசு கொஞ்சம் ஆறும். அவளுக்கு அந்த வழியும் அடைபட்டுப்போயிருந்தது. ஏன் என்பது அவளுக்கே தெரியும்.

வீட்டில் நாத்தனார் இருந்தாள், அவருடைய ஒரே தங்கை. அண்ணன் போன செய்தி மட்டும்தான் அவளுக்குப் போயிருந்தது. அழுது வீங்கிய முகத்தோடு ஓடிவந்து, "அண்ணீ" என்று கட்டிக்கொண்டாள். கட்டியம்மா அந்தக் கைகளை மெதுவாக விலக்கினாள்.

"இரு. மொதல்ல நான் சொல்றதக் கேளு. அப்புறமா கட்டிக்கிறதா வேணாமான்னு நீயே பாத்துக்க."

சொன்னாள். பனியையும் தொட்டியையும் சொன்னாள், மேஸ்திரி சொன்னதையும் மறைக்கவில்லை. நாத்தனார் நின்றபடியே கேட்டாள். கேட்டு முடித்ததும் உள்ளறைக்குப் போனாள். கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் போடும் சத்தத்துக்காகக் கட்டியம்மா காத்திருந்தாள்.

அந்தச் சத்தம் வரவில்லை. கதவும் திறக்கவில்லை. அவள் கதவுக்கு வெளியே, வெறும் தரையில் உட்கார்ந்தாள்.